டிஸ்கோ தாளத்தில் பத்து ராகம்: சரண்ஜித் சிங்கின் ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கீபோர்டு கற்பவர்களும், கச்சேரிக் குழுக்காரர்களும், மைக் செட் வைத்திருப்பவர்களும் இந்த ஆல்பத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

இது என்ன ஆல்பம்ங்க? யார் போட்டது?

பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. வாசித்தவர் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங். ஆர்.டி. பர்மன் உள்ளிட்ட இந்தித் திரையிசை அமைப்பாளர்களிடம் கிதார், பேஸ் கிதார், டிரான்சிகார்ட் (மின்னணு அக்கார்டியன்), கீபோர்டு வாசித்த கலைஞர் அவர். 1982இல் பதிவு செய்தார். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, அதாவது நாம் எச்.எம்.வி. என்று சொல்லும் நிறுவனம், 1983இல் இசைத்தட்டாக வெளியிட்டது. பத்து ராகம், பத்துத் துண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம். பாட்டுக் கிடையாது, தபலா கிடையாது, எல்லாமே மின்னணுக் கருவிகள்.

அப்போது இந்திப் படங்களில் டிஸ்கோ அலை அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே ராகத்தை வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் அவருடைய யோசனை. இசைத்தட்டு விற்கவில்லை. 2002இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். பிறகு மும்பையில் சரண்ஜித்தையே தேடிப் பிடித்து, 2010இல் ‘பாம்பே கனெக்ஷன்’ என்ற தன் நிறுவனம் வழியாக மறுபதிப்புச் செய்தார். உலகம் அதன் பிறகுதான் கேட்டது. சரண்ஜித் 2015இல் காலமானார். அதற்குள் ஐரோப்பிய மேடைகளில் இதே ராகங்களை வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது.

அந்தப் பத்து ராகம் எதெதுன்னு நமக்குத் தெரிஞ்ச பேர்ல சொல்ல முடியுமா?

முடியும், ஆல்பத்தில் இருப்பவை இந்துஸ்தானிப் பெயர்கள். ஆனால் பெயரை நம்பினால் ஏமாந்துபோவீர்கள், சுரத்தைப் பாருங்கள். பூபாலி நம் கர்நாடக இசையின் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். கலாவதி நம் வலஜி. பைராகி நம் ரேவதி. யமன் கல்யாணிக்கு அருகில் நிற்கும். மேக் மல்ஹாரை மத்தியமாவதிக்குப் பக்கத்தில் வைக்கலாம். மதுவந்தியின் சுரங்கள் தர்மவதியில் அடங்கும்.

குழப்பம் இரண்டு இடத்தில் வருகிறது. இந்துஸ்தானி தோடியின் சுரங்கள் நம் சுபபந்துவராளியின் சுரங்கள், நம் தோடி வேறு. இந்துஸ்தானி பைரவியின் சுரங்களோ நம் அனுமத்தோடியில் வருபவை, கேட்க நம் சிந்துபைரவியை நினைவுபடுத்தும். நம் பைரவி வேறு. நாதசுரத்தில் தோடி கேட்டே வளர்ந்தவர்கள் இந்த ஆல்பத்தில் தோடியைப் போட்டுவிட்டு ‘தப்பா வாசிச்சிருக்காரு’ என்பது இதனால்தான். லலித் மட்டும் தனி: இரண்டு மத்தியமமும் அடுத்தடுத்து வரும், பஞ்சமம் கிடையாது. நம்மிடம் அதற்கு நேர் இணை இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ராகம் சுத்தமாக ஐந்து சுரம், மேக் மல்ஹாரும் அப்படித்தான் என்றே சொல்லலாம். பத்தில் பாதி. இதைத் தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. காரணம் கமகம் பற்றிய கேள்வியில் வரும்.

என்னென்ன மிஷின் வச்சு வாசிச்சாரு?

மூன்று, மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத் தயாரிப்பு. தாளத்துக்கு டி.ஆர்.-808, பேஸ் ஓட்டத்துக்கு டி.பி.-303, ராகம் வாசிக்க ஜூப்பிட்டர்-8.

808 வந்தது 1980இல். மேளத்தின் ஒலியைப் பதிவு செய்து வைத்த பெட்டி அல்ல, மின்சுற்றே ஒலியை உண்டாக்கும். அதன் ஐ-ஹாட் (டிரம் செட்டின் இரட்டைத் தாளத் தட்டு) ஒலி ஆறு சதுர அலைகளைக் கலந்து வடிகட்டியது. 1983இல் தயாரிப்பு நின்றது. ஜூப்பிட்டர்-8 ஒரே நேரத்தில் எட்டுச் சுரம் ஒலிக்கும் விலை உயர்ந்த கீபோர்டு.

303இன் கதைதான் முக்கியம். தனியாகப் பயிற்சி செய்யும் கிதார்காரருக்கு பேஸ் துணை வாசிக்க 1981இல் வந்த சின்னப் பெட்டி அது. பேஸ் கிதார் மாதிரி ஒலிக்கவே இல்லை. சுரத்தை ஒரு முறையிலும் கால அளவை இன்னொரு முறையிலும் தனித்தனியாக அடிக்க வேண்டும், பழகுவதற்குள் பொறுமை போய்விடும். 1984இல் நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருப்பது ஒலி அலையை உண்டாக்கும் ஒரே ஒரு சுற்று, அலையின் வடிவம் ரம்பம் அல்லது சதுரம். அதன் பின்னால் ஒரு வடிகட்டி. மேலே ஆறு திருகு: டியூனிங், கட்-ஆஃப் (வடிகட்டி வெட்டும் இடம்), ரெசொனன்ஸ் (அந்த இடத்தைத் தூக்கிக் காட்டுவது), என்வலப் (வடிகட்டி திறந்து மூடும் அளவு), டிகே (அது தணியும் நேரம்), அக்ஸென்ட் (அழுத்தம்). ஒவ்வொரு சுரத்துக்கும் தனியாக ‘அழுத்து’, ‘சறுக்கு’ என்று குறி போடலாம். அந்தச் சறுக்கலும், ரெசொனன்ஸை ஏற்றும்போது வரும் கீச்சென்ற கொதிப்பும் சேர்ந்ததுதான் இந்த ஆல்பத்தின் குரல்.

ஆசிட் ஹவுஸை இவர்தான் கண்டுபிடிச்சாருன்னு போடுறாங்களே, நிஜமா?

இல்லை. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது. இயந்திரத் தாளம், அதன் மேல் 303இன் திருகைத் திருகிக்கொண்டே போகும் நீண்ட ஓட்டம். அதிலிருந்து பிறந்த வகைக்குத்தான் ஆசிட் ஹவுஸ் என்று பெயர். சரண்ஜித்தின் இசைத்தட்டு அதற்கு 4 ஆண்டு முந்தியது, கேட்டால் அசந்துபோகும் அளவுக்கு ஒத்திருக்கிறது. ஆனால் சிகாகோக்காரர்கள் இதைக் கேட்டார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஒரே பெட்டியைக் கண்காணாத இரண்டு ஊர்களில் திருகிப் பார்த்தார்கள், ஒரே மாதிரி ஒலி வந்தது. 303ஐ முதலில் பயன்படுத்தியவர் என்றும் சொல்ல முடியாது, 1982–83இல் பிரிட்டனிலும் இத்தாலியிலும் அது ஒலித்த பதிவுகள் இருக்கின்றன.

‘கண்டுபிடித்தார்’ என்று சொல்வது பெருமையாக இருக்கலாம், ஆனால் அவர் செய்ததைச் சின்னதாக்கிவிடுகிறது. ஆசிட் ஹவுஸில் ராகம் இல்லை. ஆரோகணம் அவரோகணம் தவறாமல், ஆதார சட்ஜத்தை விடாமல், இயந்திரத்தை ஓடவிட்டு அதன் மேல் விரலால் ராகம் பிடித்தது அவருடைய சாதனை. அதற்கு இன்னொருவரின் பட்டப்பெயர் தேவையில்லை.

வெளிவந்தப்ப யாருமே கேட்கலைன்னா, அதுக்கு என்ன பாதிப்பு இருக்க முடியும்?

2010க்கு முன் ஏறக்குறைய எதுவும் இல்லை. அதற்குப் பின் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்று, மின்னணு நடன இசை என்றால் சிகாகோ, டெட்ராய்ட், ஜெர்மனி என்று மட்டும் எழுதப்பட்ட வரலாற்றில் பம்பாயையும் சேர்க்க வேண்டி வந்தது. ஆரம்பத்தில் பலர் நம்பவே இல்லை, யாரோ ஐரோப்பியர் பழைய இசைத்தட்டு போல் செய்த குறும்பு என்றே சந்தேகித்தார்கள். இரண்டு, பழைய இந்தியச் சிந்தசைசர் பதிவுகளைத் தேடி எடுத்து மறுபதிப்பிடும் வேலைக்கு இது பெரிய ஊக்கம் தந்தது.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. ‘ஃப்யூஷன்’ என்றால் மேற்கத்திய கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசையில் ராகத்தை மடக்கி வைப்பது என்ற பழக்கம் இருந்தது. இந்த ஆல்பத்தில் கார்டு நகர்வே இல்லை. சுருதி ஒரே இடத்தில் நிற்கிறது, ராகம் மட்டும் நகர்கிறது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியம் சுருதி பிடித்து நிற்க, பாட்டும் தாளமும் இரவு முழுக்க மேலே ஓடுவதும் இதே அமைப்புதான். திரும்பத் திரும்ப வருவது இயந்திரத்துக்கு இயல்பு, நின்ற இடத்தில் நிற்பது சுருதிக்கு இயல்பு. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது என்று இந்த ஆல்பம் காட்டுகிறது.

இளையராஜா, ரகுமான் இதைக் கேட்டிருப்பாங்களா சார்?

தொடர்பு காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை, இழுத்துக் கட்டவும் வேண்டாம். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி இசையைக் கையாண்டது தனிப் பாதை.

மிஷின்ல கமகமே வராதே, அப்புறம் எப்படி அதை ராகம்ங்கறது?

நியாயமான கேள்வி. கமகம் என்பது சுரத்தை அசைத்து, வளைத்து வாசிப்பது. 303இல் உள்ளது சறுக்கல் மட்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கும், அந்த வழுக்கல் எடுக்கும் நேரத்தை மாற்ற முடியாது. இதை ஜாரு என்று வேண்டுமானால் சொல்லலாம். கம்பிதம், நொக்கு போன்ற மற்றக் கமக வகைகள் வராது. அதனால் சரண்ஜித் 303இடம் ராகத்தை ஒப்படைக்கவில்லை. அதற்கு ஓட்டத்தைக் கொடுத்தார், ராகத்தின் வடிவத்தை ஜூப்பிட்டரில் கையால் வாசித்தார். கையால் வாசிக்கும்போது சுரத்தை வளைக்கலாம், நீட்டலாம், பிடி வைக்கலாம்.

ராகத் தேர்வும் அதற்கு ஏற்றதுதான். மோகனம், இந்தோளம், வலஜி போன்றவை சுரக்கோர்வை வைத்தே முகம் காட்டிவிடும். நிலையான சுரங்களில் வாசித்தாலும் அடையாளம் தெரியும். சகானா, ஆனந்தபைரவி, நீலாம்பரி போன்றவற்றை இயந்திரத்தின் ஒரு சுற்றிலுள்ள 16 சம கட்டத்தில் அடைத்தால் சுரம் இருக்கும், ராகம் இருக்காது. அவற்றின் உயிர் வக்கிரத்திலும் (சுரங்கள் முன்பின்னாக வருவது) அசைவிலும் இருக்கிறது. தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு குறை: கீபோர்டு சுரங்கள் சம இடைவெளிப்படி அமைந்தவை. மோகனத்தின் அந்தர காந்தாரம் சுருதியோடு இழையும் இடத்தைவிடக் கீபோர்டின் ‘ஈ’ (‘சி’ சட்ஜமானால்) ஏறத்தாழ 14 சென்ட் மேலே நிற்கும், சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. தம்புரா போட்டு மெதுவாக வாசித்தால் உறுத்தும், வேகமான ஓட்டத்தில் காது மன்னித்துவிடும்.

என்கிட்ட கம்ப்யூட்டர் மட்டும்தான் இருக்கு. இந்த மாதிரி ஒண்ணு எப்படி செய்யறது?

எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச மென்பொருள் போதும். 303 போல ஒலிக்கும் ‘எல்.பி.302’ அதற்குள்ளேயே இருக்கிறது. தாளத்துக்கு ஹைட்ரஜன் என்ற இலவச மென்பொருளில் 808 ஒலித்தொகுப்பு வருகிறது. மோகனத்தில் தொடங்குங்கள். ‘சி’ சட்ஜம் என்றால் சி, டி, ஈ, ஜி, ஏ, இவ்வளவுதான்.

வேகம் 120, அதாவது நிமிடத்துக்கு 120 அடி வையுங்கள். 16 கட்டத்தில் கிக் (அடி மேள ஒலி) 1, 5, 9, 13. கைத்தட்டல் 5, 13. திறந்த ஐ-ஹாட் 3, 7, 11, 15. டிஸ்கோவின் துள்ளல் அந்த ஐ-ஹாட்டில்தான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் அணிவகுப்புத் தாளம் போலாகிவிடும். அடுத்து பேஸ், கட்டத்துக்கு ஒரு சுரம்: ச ச மேல்ச ச, ப ச ச ரி, க ச மேல்ச ப, த ப க ரி. அழுத்தம் 3ஆம், 11ஆம் கட்டத்தில். சறுக்கல் 7இலிருந்து 8க்கு, 14இலிருந்து 15க்கு. எல்லாக் கட்டத்துக்கும் சறுக்கல் போட்டால் கூழாகிவிடும், நான்குக்கு மேல் வேண்டாம். கட்-ஆஃப் கால் பங்கு, ரெசொனன்ஸ் முக்கால் பங்கு, டிகே பாதி.

இந்த வேகத்தில் ஒரு சுற்று சரியாக 2 விநாடி, 5 நிமிடத்துக்கு 150 சுற்று. அத்தனை சுற்றும் ஒரே மாதிரி ஓடினால் யாரும் கேட்க மாட்டார்கள். சுரத்தை மாற்றாதீர்கள், கட்-ஆஃபை மாற்றுங்கள். 16 சுற்றுக்குள் மெதுவாகக் கால் பங்கிலிருந்து பாதிக்கு ஏற்றி, 8 சுற்றில் இறக்குங்கள். ச-ப சுருதியை மெல்லிய ஒலியில் அடியில் ஓடவிடுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் ராகத்தைக் கையால் வாசிக்க வேண்டும். அதையும் கட்டத்தில் அடித்து வைத்தால் கைப்பேசி ரிங்டோன் மாதிரி ஆகிவிடும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

மோகனம் வந்துடுச்சு, இந்தோளம் மட்டும் ஒட்டவே மாட்டேங்குதே?

முதல் சந்தேகம் சுருதி. முந்தைய கேள்வியில் சொன்ன ச-ப சுருதியை அப்படியே விட்டிருப்பீர்கள். இந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, ச-ம சுருதி வையுங்கள். ‘சி’ சட்ஜம் என்றால் சுரங்கள் சி, டி ஷார்ப், எஃப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப். சுருதிக்கு சி, எஃப்.

அதன் பிறகும் உறுத்தினால் கிக்கைப் பாருங்கள். 808 கிக்குக்கு டிகே அதிகம் வைத்தால் அது வெறும் அடியாக நிற்காது, சுரமாக நீளும். அதன் அடிநாதம் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ், கீழ் ‘ஜி’க்கு (49 ஹெர்ட்ஸ்) அருகில். அதாவது ஒவ்வொரு அடியிலும் நீங்கள் விலக்கிய பஞ்சமம் முழங்குகிறது! டிகேயைக் குறையுங்கள், அல்லது மென்பொருளில் கிக்கை இரண்டு அரைச்சுரம் இறக்கி ‘எஃப்’ ஆக்குங்கள், மத்தியமம் ஆகிவிடும். அசல் 808இல் கிக்கின் சுருதியை மாற்றத் திருகு இல்லை. அதில் டிகேயைக் குறைப்பதுதான் வழி.

ஆதி தாளத்துக்கு 16 கட்டம் சரி. மிஸ்ர சாபுக்கு?

14 கட்டம். கண்ட சாபுக்கு 10, ரூபகத்துக்கு 12. மென்பொருளில் சுற்றின் நீளத்தை மாற்றினால் போதும். எல்லாத் தடத்திலும் ஒரே நீளமாக மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பேஸ் 16இலும் தாளம் 14இலும் இருந்தால் 112 கட்டம் கழித்துத்தான் இரண்டின் முதல் அடியும் ஒன்றுசேரும். சரண்ஜித் பத்துத் துண்டிலும் டிஸ்கோவின் நாலடியை விட்டு நகரவில்லை.

பழைய மிஷினையும் புதுசையும் மிடி வயர்ல இணைச்சேன், ஓடவே இல்லை. வயர் போச்சா?

வயர் நன்றாகத்தான் இருக்கும். மிடி, அதாவது மின்னணு இசைக்கருவிகளை இணைக்கும் பொது முறை, 1983இல் வந்தது, இந்த ஆல்பம் அதற்கு முன்பே பதிவானது. 808உம் 303உம் ஒன்றாக ஓட ‘டின் சிங்க்’ என்ற பழைய முறையைப் பயன்படுத்தின. பார்வைக்கு அதே 5 முள் இணைப்பு, வேலை வேறு. டின் சிங்கில் 1ஆம் முள் ஓடு-நில், 2 தரை, 3 துடிப்பு. ஒரு கால் சுரத்துக்கு 24 துடிப்பு, அதாவது ஒரு கட்டத்துக்கு 6. மிடி வயர்கள் பலவற்றில் 2, 4, 5 முட்களுக்கு மட்டும்தான் கம்பி இருக்கும். 1, 3 வெறுமை. துடிப்பு எப்படிப் போகும்?

ஐந்து முள்ளும் இணைந்த வயர் வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் முனைகளை வாங்கி நேருக்கு நேர் பற்றவைத்துக்கொள்ளலாம், வைத்த பிறகு மல்டிமீட்டரில் ஒவ்வொரு முள்ளாகச் சோதியுங்கள். மிடி மட்டும் உள்ள கருவியோடு இணைக்க வயர் போதாது, மிடி துடிப்பை டின் சிங்காக மாற்றும் பெட்டி இடையில் வேண்டும். ஜூப்பிட்டர்-8க்கு டின் சிங்க் இல்லை, ஆனால் ஆர்பெஜியோவுக்கு (அழுத்திய சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) துடிப்பு வாங்கும் துளை பின்னால் உண்டு. 808இன் டிரிகர் வெளியீட்டை அங்கே கொடுத்து ஓட்டுவது அக்கால வழக்கம்.

அசல் 303 வாங்கலாமா அண்ணா?

வேண்டாம். விலை கூடிப்போய் சேகரிப்பாளர்கள் கையில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் நினைவில் உள்ள ஓட்டங்கள் கலைந்துபோகும், பழுது பார்ப்பவர் கிடைப்பது அரிது. பெரிங்கர் டி.டி.-3, ரோலண்ட் டி.பி.-03 இரண்டும் அதே வேலையைச் செய்யும். முதலில் எல்.பி.302இல் மூன்று மாதம் திருகிப் பாருங்கள்.

பண்டிகையில கூம்புல போட்டோம், கிக் கேட்கவே இல்லை. ஒரு யூனிட்டும் போச்சு.

கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக்கும் நாதசுரத்துக்கும் ஆனது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பெரும்பாலும் ஊமை. 50 ஹெர்ட்ஸில் இருக்கும் 808 கிக்கில் ‘டக்’ என்ற மேல்நுனி மட்டும் வெளியே வரும். கேட்கவில்லையே என்று ஆம்ப்ளிஃபயரில் பேஸை ஏற்றினால், ஒலியாக மாறாத அந்த ஆற்றல் யூனிட்டின் மெல்லிய தகட்டை அளவுக்கு மீறி ஆட்டிக் கிழிக்கிறது.

கிக்கும் பேஸும் 15 அல்லது 18 அங்குலப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். கூம்புக்குப் போகும் வழியில் கிராஸ்ஓவர் (அலைவரிசையைப் பிரிக்கும் கருவி) வைத்து 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பெட்டியே இல்லை, கூம்பு மட்டும்தான் என்றால் கிக்கில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) சேருங்கள். மேல் அதிர்வுகள் உண்டாகும், அடி இருப்பதாகக் காது ஊகித்துக்கொள்ளும். 303க்கு இந்தப் பிரச்சினை குறைவு, அதன் கொதிப்பு நடு அலைவரிசையில் இருப்பதால் கூம்பிலும் தெளிவாகக் கேட்கும்.

ஆல்பத்தையே கொஞ்சம் வெட்டி எங்க வீடியோவுக்குப் போடலாமா?

ராகம் யாருக்கும் சொந்தமில்லை, மோகனத்தில் நீங்களே வாசித்துப் போடலாம். பதிவு சொந்தமுள்ளது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. 1983இல் வெளியானதால் 2043 முடிய அனுமதி வேண்டும்.

பம்பைக்காரங்களோட சேர்த்து மேடையில செய்யலாமா? ஒத்திகையில தாளம் விலகிப் போகுது.

செய்யலாம், ஆனால் யார் யாரைப் பின்தொடர்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அம்மன் வர்ணிப்புக்கு அடிக்கும் பம்பை, பாட்டு ஏற ஏறத் தானாக வேகம் கூடும். அது தவறல்ல, அந்த இசையின் இயல்பே அதுதான். இயந்திரம் 120இல் வைத்தால் 120இலேயே நிற்கும். பம்பைக்காரரை இயந்திரத்துக்குக் கட்டிப்போட்டால் வாசிப்பு செத்துவிடும். ஆகவே ஒருவர் வேகத் திருகில் கை வைத்துப் பம்பையைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு புள்ளிக்கு மேல் ஏற்றாதீர்கள், அதற்கு மேல் போனால் பேஸ் தடுமாறுவது தெரியும். பம்பைக்காரருக்கு அருகில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஐ-ஹாட்டை மட்டும் கொடுங்கள், கிக் வேண்டாம். பம்பைச் சத்தத்துக்கு இடையில் ஐ-ஹாட்தான் பிரிந்து கேட்கும்.

இயந்திரத் தாளத்தில் கிக்கும் ஐ-ஹாட்டும் போதும். கைத்தட்டல், டாம், காங்கா எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், அவை பம்பை பேச வேண்டிய இடத்தில் வந்து உட்காரும். சரண்ஜித் தபலாவை முழுசாக விலக்கியதால் ஒரே இடத்தில் இரண்டு தாளக் கருவிகள் மோதவில்லை. நீங்கள் பம்பையை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் 808 ஒதுங்க வேண்டும். ஒத்திகையை 10 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிப் பதிவு செய்து கேளுங்கள், விலகல் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று தெரியும். திருகில் கை வைப்பவர் அதற்கு முந்தைய சுற்றிலிருந்தே ஏற்றத் தொடங்க வேண்டும்.